இருபது பிரசவங்களும் ஒரு பதிவேடும்

செவிலியர் ஆகும் வழி – தொடர் 6

ஏ.என்.எம். எனப்படும் ஈராண்டுத் துணைச் செவிலியர் பயிற்சி, ஜி.என்.எம். எனப்படும் மூன்றாண்டுப் பட்டயம், நான்காண்டு பி.எஸ்ஸி. நர்சிங் ஆகிய மூன்று வழிகளும் அவற்றுக்கான தகுதிகளும் முன்னைய வாரங்களில் விளக்கப்பட்டுவிட்டதால் இங்கு மீண்டும் சொல்லப்படவில்லை. கலந்தாய்வு, இட ஒதுக்கீடு, கட்டணம் ஆகியவை இந்த வாரம் பேசப்படும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால், கட்டணம் கட்டிச் சேர்ந்த மாணவி எதைக் கற்றுக்கொண்டு வெளியே வருகிறாள் என்பதைத் தீர்மானிக்கும் ஒரு பதிவேட்டைப் பற்றிச் சொல்லாமல் கட்டணத்துக்குப் போவது முறையாகாது. கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டத்தில், அதிலும் கல்வராயன் மலையில், பணியாற்றப்போகும் செவிலியருக்கு அந்தப் பதிவேடுதான் பாடத்திட்டத்தின் உயிர்ப்பகுதி.

மாணவிகள் அதைக் ‘கேஸ் புக்’ என்பார்கள். ஒவ்வொரு மாணவியும் தம் கையால் செய்து முடித்த பேறுகாலப் பணிகளைத் தேதி, நேரம், விவரத்துடன் எழுதி, உடனிருந்து மேற்பார்த்தவரிடம் கையொப்பம் பெற்றுச் சேர்த்துவைக்கும் ஏடு அது. இந்தியாவில் செவிலியராகப் பதிவு பெறுபவர் செவிலியராக மட்டுமல்லாமல் பேறுகால மருத்துவப் பணியாளராகவும், அதாவது மிட்வைஃப் ஆகவும், சேர்த்தே பதிவு பெறுகிறார். இரண்டாவது தகுதிக்கு எழுத்துத் தேர்வு மட்டும் போதாது என்பதால், 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய நர்சிங் கவுன்சில் குறைந்தபட்ச எண்ணிக்கைகளை விதித்தது. நான்காண்டுப் பட்டப் படிப்பு பருவமுறைக்கு மாறுவதற்கு முன்பு இருந்த பாடத்திட்டத்தின்படி, ஒரு மாணவி 30 கர்ப்பிணிகளைப் பரிசோதித்திருக்க வேண்டும். 20 இயல்பான பிரசவங்களைத் தாமே நடத்தியிருக்க வேண்டும். 5 உட்பரிசோதனைகளும், பிறப்புவாயில் வெட்டுப்போட்டுத் தையலிடும் எபிசியோடமி 5 முறையும், பிறந்தவுடன் அழாத குழந்தைக்கு மூச்சை மீட்கும் சிகிச்சை 5 முறையும் செய்திருக்க வேண்டும். ஒரு சிசேரியனில் உதவி, சிக்கலான 5 பிரசவங்களில் உடனிருந்து, பிள்ளை பெற்ற 20 தாய்மார்களைப் பராமரித்து, 5 பேருக்குக் கருத்தடை வளையம் பொருத்தியிருக்க வேண்டும். 2021-இல் படிப்பு எட்டுப் பருவங்களாகப் பிரிக்கப்பட்டு, மதிப்பீட்டு முறையும் மாறியது. 2023-இல் நாடாளுமன்றம் புதிய செவிலியர் ஆணையச் சட்டத்தையும் இயற்றியது. செய்து காட்டிக் கையொப்பம் பெற வேண்டும் என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை.

இந்த எண்களில் 20 இயல்பான பிரசவங்கள் என்ற எண்ணே நின்று பார்க்க வேண்டியது. அதில் அடங்கிய ஒரே ஒரு பதிவை எடுத்துக்கொண்டால், ஒரு பக்கத்துக்குள் எவ்வளவு கல்வி அடங்கியிருக்கிறது என்பது விளங்கும். தாயின் வயது, எத்தனையாவது கர்ப்பம், கடைசி மாதவிலக்கின் தேதி, அதிலிருந்து கணக்கிட்ட பிரசவத் தேதி ஆகியவை முதலில் வரும். வலி தொடங்கிய நேரம், கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருந்தது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருந்தது, அதன் இதயத்துடிப்பு எவ்வளவு ஆகியவை அடுத்து வரும். இவை பார்ட்டோகிராஃப் என்னும் கட்டம் போட்ட தாளில் புள்ளிகளாகக் குறிக்கப்படும். கருப்பை வாய் 4 சென்டிமீட்டர் திறந்ததிலிருந்து தொடங்கும் அந்த வரைபடத்தில், மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற வேகத்தைக் காட்டும் எச்சரிக்கைக் கோடு ஒன்றும், அதற்கு நான்கு மணி நேரம் வலப்புறம் தள்ளிச் செயற்கோடு ஒன்றும் முன்பே அச்சிடப்பட்டிருக்கும். புள்ளிகள் எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டி வலப்புறம் நகர்ந்தால் பிரசவம் தாமதமாகிறது என்று பொருள். ஆரம்ப சுகாதார நிலையமாக இருந்தால் தாயைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய நேரம் அது.

குழந்தை பிறந்த பிறகுதான் பதிவின் கடினமான பகுதி தொடங்குகிறது. வயிற்றுக்குள் இன்னொரு குழந்தை இல்லை என்று தொட்டு உறுதிசெய்து, பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தசையில் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போட்டு, கருப்பையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறுகையால் கொடியை நிதானமாக இழுத்து நஞ்சை வெளியேற்ற வேண்டும். வெளிவந்த நஞ்சை உள்ளங்கைகளில் விரித்து, அதன் மடல்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, சவ்வு முழுமையாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டால் கருப்பை சுருங்காது. சுருங்காத கருப்பையிலிருந்து இரத்தம் நிற்காது. பேறுகால இறப்புகளுக்கு முதன்மையான காரணங்களில் ஒன்றான இரத்தப்போக்கு, மாணவி அந்த நஞ்சைப் பார்க்கும் அரை நிமிடக் கவனத்தில்தான் பல நேரங்களில் பிடிபடுகிறது. புத்தகத்தில் படமாகப் பார்த்த ஒன்றைக் கைகள் அடையாளம் கண்டுகொள்ள, அதே செயலைப் பல முறை செய்தாக வேண்டும் என்பதுதான் 20 என்ற எண்ணின் நியாயம்.

பதிவின் கடைசி வரியில் வரும் அப்கார் மதிப்பெண்ணுக்குப் பின்னால் ஒரு பெண் மருத்துவர் இருக்கிறார் என்பதையும் மாணவிகள் அறிந்திருப்பது நல்லது. மயக்கவியல் நிபுணரான வர்ஜினியா அப்கார் 1952-இல் நியூயார்க்கில் வகுத்த முறை அது. குழந்தையின் நிறம், இதயத்துடிப்பு, தூண்டுதலுக்குக் காட்டும் எதிர்வினை, தசை இறுக்கம், மூச்சு ஆகிய ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பிட்டு, பத்துக்கு எத்தனை என்று முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் எழுத வேண்டும். பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து தனித்த ஒரு நோயாளியாகக் கருதிப் பார்க்கும் பழக்கத்தைப் பிரசவ அறைகளில் நிலைநிறுத்தியதில் இந்தச் சிறு கணக்குக்குப் பெரும் பங்கு உண்டு.

தமிழ்நாட்டில் செவிலியர் கல்வியின் வரலாறே பேறுகாலத்திலிருந்து தொடங்குகிறது என்பது பலரும் கவனிக்காத செய்தி. சென்னையில் 1844-இல் பிரசவ மருத்துவமனை தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையாக வளர்ந்தது. 1854-இல் சென்னையில் மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு ஒப்புதல் அளித்தது. அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, 1871-இல்தான் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. அதில் முதலில் சேர்க்கப்பட்ட மாணவியர் பேறுகாலப் பயிற்சியில் ஏற்கெனவே சான்றிதழ் பெற்றிருந்தவர்கள். இன்று பட்டப் படிப்பின் பிற்பகுதியில் வரும் பாடம், அன்று செவிலியப் படிப்புக்குள் நுழைவதற்கான தகுதியாகவே இருந்தது. கள்ளக்குறிச்சியை உள்ளடக்கிய பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. ஆண் மருத்துவரை அனுமதிக்க வீட்டார் மறுத்ததால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்த நிகழ்ச்சிதான் ஐடா ஸ்கடரை மருத்துவத்துக்குத் திருப்பியது. அது நடந்த இடம் திண்டிவனம். அவர் வேலூரில் தொடங்கிய மருத்துவமனையில் 1909-இல் செவிலியர் பள்ளியும், 1946-இல் இந்தியாவின் முதல் செவிலியப் பட்டப் படிப்புகளில் ஒன்றும் உருவாயின. நாற்பத்து மூவாயிரம் பேருக்கு ஒரு செவிலியர், அறுபதாயிரம் பேருக்கு ஒரு மருத்துவச்சி என்ற அளவில்தான் நாடு இருக்கிறது என்று, நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை கணக்கிட்டதும் அதே 1946-இல்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளுக்கு வகுத்த விதியை நம் 20 பிரசவங்கள் என்ற எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. அங்கே மிட்வைஃப் என்பது பெரும்பாலும் தனித் தொழில். அதற்குப் படிக்கும் மாணவி குறைந்தது 40 பிரசவங்களை நடத்தியிருக்க வேண்டும். போதிய தாய்மார்கள் கிடைக்காத நிலையில் அந்த எண்ணை 30 வரை குறைக்கலாம் என்றும், அப்படிக் குறைத்தால் மேலும் 20 பிரசவங்களில் அவர் உதவியிருக்க வேண்டும் என்றும் அந்த விதியே சொல்கிறது. கற்பதற்குப் பிரசவங்கள் கிடைக்காமல் போகலாம் என்ற நிலையை முன்கூட்டியே எண்ணி, அதற்கு ஈடாக என்ன செய்ய வேண்டும் என்பதையும் சட்டத்திலேயே எழுதிவைத்த அந்த நேர்மை பாராட்டத்தக்கது.

அந்தப் பற்றாக்குறை இப்போது தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. பல தலைமுறைச் செவிலியர்களின், குறிப்பாகக் கிராம சுகாதாரச் செவிலியர்களின், உழைப்பால் கிடைத்த வெற்றி அது. ஆனால் அதே ஆய்வின்படி, மொத்தப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அதற்கு முந்தைய ஆய்வில் இது 34.1 சதவீதமாக இருந்தது. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு அறுபதைத் தாண்டுகிறது. அறுவைச் சிகிச்சை தேவைப்படும் தாய்க்கு அது உயிர்காப்பு என்பதில் ஐயமில்லை. எனினும் 10 முதல் 15 சதவீதமே பொருத்தமான அளவு என்று உலக சுகாதார நிறுவனம் 1985-இல் கருதியதோடு ஒப்பிட்டால், இந்த உயர்வுக்கு மருத்துவத் தேவை மட்டுமே காரணம் என்று ஏற்க இயலாது. இதனால் தாய்மார்களுக்கு நேரும் சுமையைப் பற்றி நிறையப் பேசப்பட்டுள்ளது. செவிலியக் கல்விக்கு நேரும் இழப்பைப் பற்றிப் பேசப்படுவதில்லை. நூறு பிரசவங்களில் நாற்பத்தைந்து அறுவை அரங்குக்குப் போய்விட்டால், மாணவி கற்பதற்குரிய இயல்பான பிரசவங்கள் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகின்றன.

மீதமுள்ளவையும் ஒரே மாணவிக்குக் கிடைப்பதில்லை. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில், சிறுவங்கூரில் அமைந்த அரசு மருத்துவக் கல்லூரி, தமிழ்நாட்டின் பதினொரு புதிய மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றாக 2022 ஜனவரி 12-இல் திறந்துவைக்கப்பட்டது. அதில் ஆண்டுக்கு 150 எம்.பி.பி.எஸ். இடங்கள். 2014-க்குப் பிறகு தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி, தலா 10 கோடி ரூபாயில் நாடு முழுவதும் 157 செவிலியர் கல்லூரிகளை அமைக்க 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது, தமிழ்நாட்டுக்கு 11 ஒதுக்கப்பட்டன. கல்லூரிகள் பெருகுவது வரவேற்கத்தக்கதே. ஆயினும் ஓர் அரசு மருத்துவமனையின் லேபர் வார்டில் எம்.பி.பி.எஸ். மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள், பட்டப் படிப்பு மாணவிகள், பட்டய மாணவிகள், துணைச் செவிலியர் பயிற்சி பெறுவோர், ஒப்பந்தத்தின் பேரில் தனியார் கல்லூரிகளிலிருந்து வருவோர் ஆகிய அனைவரும் சேரும்போது, ஒரு பிரசவத்தைச் செய்பவர் ஒருவராகவும் பார்ப்பவர் பலராகவும் ஆகிவிடுகிறது. வலியில் கிடக்கும் பெண்ணின் மானமும் சம்மதமும் அந்தக் கூட்டத்தில் முதலில் காக்கப்பட வேண்டியவை; பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த மத்திய அரசு 2017-இல் தொடங்கிய ‘லக்ஷ்யா’ திட்டமும் மரியாதையான பேறுகாலப் பராமரிப்பை வலியுறுத்துகிறது. அதை மதித்து நடத்தினால் ஒரு தாய்க்கு ஒரு மாணவி, ஒரு மேற்பார்வையாளர் என்பதே முறையாகும். அப்போது மாணவியின் பங்கு இன்னும் குறையும். இந்த நெருக்கடியில், பார்த்ததையும் செய்ததாக எழுதும் சோதனை எழுவது இயல்பு. அதற்கு இடம் கொடுக்கும் கல்லூரி, தன் மாணவிக்கும் அவரிடம் பின்னாளில் வரப்போகும் தாய்க்கும் தீங்கு செய்கிறது.

கல்வராயன் மலையில் அந்தத் தீங்கு உடனே வெளிப்பட்டுவிடும். 1970களின் நடுப்பகுதி வரை ஜாகீர் நிலமாக இருந்து, சாலையும் பள்ளியும் தாமதமாகவே வந்து சேர்ந்த இந்த மலையில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடம் அவர்களுடையது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று என்றிருக்கும் துணை சுகாதார நிலையம், மலைக்கும் பழங்குடிப் பகுதிக்கும் 3,000 பேருக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையம் 30,000-க்குப் பதிலாக 20,000 பேருக்கு ஒன்று. தலைக்கணக்கில் இது சலுகைதான். ஆனால் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும் மலையில் தொலைவுதான் உண்மையான கணக்கு. சாலை எட்டாத ஊர்களிலிருந்து நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கிவரும் நிலை செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்த கொடுந்துயரத்துக்குப் பிறகு, இந்த மலை மக்களின் அடிப்படை வசதிகளைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வழிசெய்தது, 2000களில் ஒவ்வொரு நிலையத்திலும் மூன்று ஸ்டாஃப் நர்சுகளை முறைவைத்துப் பணியமர்த்திய ஏற்பாடு. இரவுப் பணியில் இருப்பது அவர்களில் ஒருவர்தான். வெள்ளிமலை, கரியாலூர்ப் பகுதியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் மலைப்பாதையில் ஒரு தாயை அனுப்புவதா, இங்கேயே பார்ப்பதா என்று முதலில் எடைபோட வேண்டியவர் அவர். சமவெளியில் எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டிய பிறகு வண்டிக்குச் சொல்லலாம். மலையில் புள்ளிகள் கோட்டை நெருங்கும்போதே சொல்லியாக வேண்டும். ஆக்ஸிடோசின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து என்பதால், மின்சாரம் நின்ற இரவில் குளிர்பெட்டியின் வெப்பநிலையைப் பார்ப்பதும் அவர் பொறுப்பு. இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே மக்னீசியம் சல்பேட் மருந்தை இரு பிட்டங்களிலும் தலா 5 கிராம் வீதம் ஆழமாகச் செலுத்தத் துணைச் செவிலியருக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல் அனுமதி தந்திருக்கிறது. அந்த ஒரு தவணை வண்டியேறும் முன் போடப்பட்டதா இல்லையா என்பதில் உயிர் தங்கியிருக்கும்.

இந்த மலைக்கும் டென்மார்க்குக்கும் இருந்த தொடர்பு பலர் அறியாதது. பழைய தென்னாற்காட்டில் பணிசெய்த டேனிஷ் மிஷன் திருக்கோவிலூரில் மருத்துவமனை அமைத்தது ஒருபுறம். 1980களில் அந்நாட்டு அரசின் வளர்ச்சி உதவி அமைப்பான டானிடா, தமிழ்நாட்டில் கிராமச் சுகாதாரத் திட்டத்துக்கு உதவத் தேர்ந்தெடுத்தவை சேலமும் தென்னாற்காடும் ஆகும். கல்வராயன் மலை படர்ந்திருப்பதும் அந்த இரு மாவட்டங்களின் எல்லையிலேயே. செவிலியர் ஊரிலேயே தங்க வேண்டுமானால் அவருக்குத் தங்குமிடம் வேண்டும் என்ற எளிய உண்மையை, அத்திட்டத்தில் எழுந்த, குடியிருப்போடு கூடிய துணை நிலையக் கட்டடங்கள் அக்காலத்திலேயே ஏற்றுக்கொண்டன. அந்த உண்மை பயிற்சிக்கும் பொருந்தும்.

மலை நிலையங்களை மாணவியருக்கான பயிற்சிக் களமாக்குவதே இந்தச் சிக்கலுக்குத் தக்க வழி. அங்கு நடக்கும் பிரசவங்களின் எண்ணிக்கை குறைவு என்பது உண்மை. இருபதும் அங்கே கிடைக்காது. ஆனால் நான்கு வாரம் தங்கும் மாணவிக்கு மூன்றோ நான்கோ கிடைத்தாலும், கூட்டமில்லாத அறையில், வலி தொடங்கியதிலிருந்து நஞ்சு விழும் வரை ஒரே தாயோடு இருக்கும் வாய்ப்பு அமையும். அனுப்புவதா வைத்துக்கொள்வதா என்று முடிவெடுப்பதைப் பணியிலிருக்கும் நர்சின் பக்கத்திலிருந்து கற்க முடியும். பிரசவத் தேதி நெருங்கிய மலைப் பெண்கள் முன்னதாகவே வந்து தங்கும் காத்திருப்பு அறைகள் உள்ள நிலையங்களில், கர்ப்பகாலப் பரிசோதனைகளைப் பொறுமையாகச் செய்து பழகலாம். புதிய பாடத்திட்டம் வலியுறுத்தும் பொம்மை மாதிரிப் பயிற்சி, அரிதாக வரும் ஆபத்துகளைப் பழக நல்ல துணை. உயிருள்ள கருப்பை உள்ளங்கையின் கீழ் சுருங்கிக் கெட்டியாவதை அது கற்றுத்தராது. மலைப் பயிற்சிக்குத் தேவை மாணவியருக்குப் பாதுகாப்பான தங்குமிடம், உடன் செல்லும் ஓர் ஆசிரியர், மலைப்பாதைக்கு ஒரு வண்டி ஆகிய மூன்றே. மூன்றும் அரசால் இயலாதவை அல்ல.

மலையிலேயே பிறந்த பெண்கள் செவிலியராகி அங்கேயே பணியாற்றுவது இன்னும் சிறந்த வழி. அதற்குத் தடையாக நிற்பது சேர்க்கைக் கணக்கு. தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு உரியது 1 சதவீதம். நூறு இடங்களில் ஓர் இடம் என்ற அந்தப் பங்குக்கு மாநிலத்தின் எல்லா மலைகளிலிருந்தும் மாணவியர் போட்டியிட வேண்டும். இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களுடன் பிளஸ் டூ முடித்திருந்தால்தான் பட்டப் படிப்புக்கே விண்ணப்பிக்க முடியும் என்பதால், மலைப்பகுதி மேல்நிலைப் பள்ளிகளில் அறிவியல் ஆசிரியர் இருக்கிறாரா என்பதும் இதனோடு சேர்ந்த கேள்வி. கலந்தாய்வும் கட்டணமும் உதவித்தொகையும் இதிலிருந்தே தொடங்க வேண்டியவை என்பதால், அவை முழுமையாக அடுத்த வாரம் பேசப்படும்.

அதற்குள் செவிலியர் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் வாங்கச் செல்லும் பெற்றோர், அங்கீகாரச் சான்றைப் பார்த்ததோடு நின்றுவிட வேண்டாம். மாணவியர் பேறுகாலப் பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார்கள், அங்கே மாதத்துக்கு எத்தனை இயல்பான பிரசவங்கள் நடக்கின்றன, அவற்றை எத்தனை கல்லூரிகளின் மாணவர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். சென்ற ஆண்டு படித்து முடித்த ஒரு மாணவியைச் சந்திக்க முடிந்தால், கேஸ் புக்கில் உள்ளவற்றில் எத்தனையைத் தம் கையால் செய்தார் என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு பணம் கட்டுங்கள்.